பெயரைப் பார்த்து வாங்கினோம், சமையலறையைப் பார்த்தோமா?

கடந்த ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு சகோதரி மகனுடன் வந்தார். உதவித்தொகை கேட்டு வரவில்லை, ஒரு சந்தேகம் கேட்க வந்திருந்தார். மகளைப் பெண் பார்க்க வந்த வீட்டார் சொன்னதைவிட ஏழெட்டுப் பேர் கூடுதலாக வந்துவிட்டார்கள். ஆக்கி வைத்த சோறு பற்றாது என்று தெரிந்ததும் மகன் உள்ளறைக்குப் போய் போனிலேயே பத்து பிரியாணி ஆர்டர் செய்துவிட்டார். கடையின் பெயரில் 'பாய்' இருந்தது. படத்தில் தொப்பி போட்ட ஒருவர் தேக்சாவைக் கிளறிக்கொண்டிருந்தார். இதற்குமேல் என்ன பார்ப்பது? முக்கால் மணி நேரத்தில் பார்சல் வந்தது, எல்லோரும் மனநிறைவாகச் சாப்பிட்டார்கள், சம்பந்தமும் கைகூடி வந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

பத்துக்குப் பணம் கட்டியிருந்தும் எட்டுதான் வந்திருந்தது. ஆப்பில் புகார் கொடுத்துப் பார்த்துச் சலித்துப்போன மகன், மறுநாள் அதில் இருந்த முகவரிக்கே நேரில் போய்விட்டார். அங்கே கடையே இல்லை. குடியிருப்புத் தெரு ஒன்றின் பின்பக்கம் ஷட்டரைப் பாதி இறக்கிய ஒரு கட்டடம். வெளியே டெலிவரி தம்பிகள் வண்டிகளோடு காத்திருந்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த தாளில் ஏழு கடைப் பெயர்கள் இருந்தன. பாய் பிரியாணி அதில் ஒன்று. சைனீஸ் ஒன்று, கேக் ஒன்று, பீட்சா ஒன்று. அந்த பீட்சா கடையின் மெனுவைப் போனிலேயே திறந்து பார்த்தால் பன்றி இறைச்சியில் செய்த பெப்பரோனி இருந்தது. “பாய் யாருங்க?” என்று மகன் கேட்டிருக்கிறார். “அப்படி யாரும் இல்ல சார், அது பிராண்ட் பேரு” என்று பதில் வந்தது.

சகோதரிக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. “நாங்க சாப்பிட்டது ஹலாலா, ஹராமா? சம்பந்தி வீட்டுக்குச் சொல்லணுமா?” இதுதான் அவர் கேள்வி. நம் ஹஜ்ரத்திடம் அழைத்துப் போனோம். தெரியாமல், நம்பி வாங்கிச் சாப்பிட்டதற்குக் குற்றம் இல்லை, விருந்தாளிகள் மனத்தில் சந்தேகத்தை விதைக்கவும் தேவையில்லை என்று ஆறுதல் சொன்னவர், அதோடு இன்னொன்றும் சொன்னார்: “அந்தக் கோழி ஹலாலா இல்லையா என்பதே இன்னும் நமக்குத் தெரியாதே. அதை முதலில் விசாரியுங்கள்.”

விசாரித்தோம். என்ன தெரிந்தது என்பதைக் கீழே சொல்கிறோம். அதற்கு முன், இந்த மாதிரிச் சமையலறைகள் எப்படி இயங்குகின்றன என்பதை நம் மஹல்லாவில் எல்லோரும், முக்கியமாகக் கையில் போன் வைத்திருக்கும் பிள்ளைகள், தெரிந்துகொள்ள வேண்டும்.

இவற்றுக்கு கிளவுட் கிச்சன் என்று பெயர். டார்க் கிச்சன், கோஸ்ட் கிச்சன் என்றும் சொல்கிறார்கள். கோஸ்ட் என்றால் பேய். பேய் சமைக்கும் இடம் என்று பயந்துவிட வேண்டாம். வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாத சமையலறை என்பதால் அந்தப் பெயர். உட்கார்ந்து சாப்பிட மேசை இருக்காது, கல்லா இருக்காது, பெயர்ப் பலகைகூடப் பல இடங்களில் இருக்காது. ஆர்டர் முழுக்க போன் வழியாக வரும், சாப்பாடு முழுக்க வண்டியில் போகும். மெயின் ரோட்டில் கடை எடுத்தால் கொடுக்க வேண்டிய அட்வான்ஸும் வாடகையும் மிச்சம், சப்ளையர் சம்பளம் மிச்சம். ஸ்விக்கி 2014-இல் பெங்களூருவில் தொடங்கியது. சொமேட்டோ அதற்கும் முன்பிருந்தே ஓட்டல் மெனுக்களைக் காட்டிவந்து, 2015-இல் டெலிவரிக்கு இறங்கியது. அந்த இரண்டும் வளர வளர இந்தச் சமையலறைகளும் பெருகின. 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்து ஓட்டல்களில் உட்கார்ந்து சாப்பிடுவது நின்றபோது, நல்ல பெயர் எடுத்த ஓட்டல்காரர்களே இந்த வழிக்கு வந்தார்கள்.

ஒரு சமையலறைக்கு ஒரு பெயர்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இங்கேதான் நம் மக்கள் தடுமாறுகிறார்கள். ஃபாசோஸ் என்ற ரோல் கடை, பெஹ்ரூஸ் பிரியாணி, ஓவன் ஸ்டோரி பீட்சா மூன்றும் வேறு வேறு முதலாளிகளுடையவை என்றுதான் பலரும் நினைப்பார்கள். மூன்றுமே புனேயில் தொடங்கிய ரெபெல் ஃபுட்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் பிராண்டுகள். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, அவர்களே வெளிப்படையாகச் சொல்லும் வியாபார முறைதான் இது. சட்டத்துக்கும் உட்பட்டது. ஒரே அடுப்பு, ஒரே ஆட்கள், ஆனால் போனில் ஆறேழு கடைகள். ஒருவர் பிரியாணி தேடினாலும் பீட்சா தேடினாலும் இனிப்பு தேடினாலும் ஆர்டர் அதே வாசலுக்குத்தான் போய்ச் சேரும். பெரிய நிறுவனங்கள் செய்வதைப் பார்த்து இப்போது தெருவுக்கு ஒருவர் இதே முறையில் இறங்கியிருக்கிறார்கள். அதில் பெயரும் படமும் விளம்பரக்காரர் தேர்ந்தெடுப்பவை. பிரியாணிக்குப் 'பாய்' என்று வைத்தால் விற்கும் என்று யாரோ ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார். நம்மைப் பற்றி அவ்வளவு நல்லெண்ணம் ஊரில் இருப்பது ஒருவகையில் சந்தோஷம்தான்! ஆனால் அது ஹலாலுக்கு அத்தாட்சி ஆகாது.

முன்பெல்லாம் நாம் கடையை எப்படி அறிந்தோம் என்று யோசித்துப் பாருங்கள். கல்லாவில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்போம். பண்டாரி யார் என்று தெரியும். கறி எந்தக் கடையிலிருந்து வருகிறது என்பது மஹல்லா முழுக்கத் தெரியும், ஏனென்றால் கறிக்கடைக்காரர் ஜும்ஆவில் நம் பக்கத்து ஸஃப்பில் நிற்பவர். சந்தேகம் வந்தால் கேட்டுவிடலாம், பதில் சொல்பவரின் முகமும் தெரியும். கிளவுட் கிச்சன் இந்தச் சாட்சிகள் அத்தனையையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு படத்தையும் நட்சத்திர மதிப்பெண்ணையும் வைத்திருக்கிறது. நட்சத்திரம் ருசிக்கும் வேகத்துக்கும் கொடுக்கப்படுவது. அறுப்பைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஆப்பில் கடையின் பக்கத்தைத் திறந்து, மெனுவையெல்லாம் தாண்டி அடிவரைக்கும் தள்ளிக்கொண்டே போங்கள். அங்கே சின்ன எழுத்தில் முகவரியும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண்ணும் இருக்கும். சிலவற்றில் கடைப் பெயருக்குப் பதிலாக உரிமையாளரின் பெயரோ கம்பெனி பெயரோ இருக்கும், அதுதான் உண்மையான பெயர். உணவு விற்கும் எவருக்கும் இந்த எண் கட்டாயம். எண் 1-இல் தொடங்கினால் அது லைசென்ஸ், 2-இல் தொடங்கினால் சிறு வியாபாரிகளுக்கான பதிவு. 2018-இல் இந்த எண் இல்லாத பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை டெலிவரி நிறுவனங்கள் தங்கள் பட்டியலிலிருந்து நீக்க வேண்டிவந்தது. 2022 ஜனவரியிலிருந்து பில்லிலும் இந்த எண்ணை அச்சிட வேண்டும் என்று ஆணையம் சொல்லியிருக்கிறது. பார்சலோடு வரும் பில்லை உடனே கசக்கி எறியாதீர்கள்.

எண்ணைக் குறித்துக்கொண்டு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் போட்டால், அது யார் பெயரில் இருக்கிறது, எந்த இடத்துக்குக் கொடுக்கப்பட்டது, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரு எண் என்பது ஒரு உரிமையாளருக்கு ஒரு இடத்துக்காகக் கொடுக்கப்படுவது. ஆகவே ஆப்பில் இரண்டு கடைகளுக்கு ஒரே 14 இலக்க எண் இருந்தால், இரண்டும் ஒரே சமையலறைதான். மேலே சொன்ன சகோதரியின் மகனுக்கு இதைக் காட்டினோம். அந்த வட்டாரத்துக் கடைகளை ஒவ்வொன்றாகத் திறந்து எண்களை ஒப்பிட்டுப் பார்த்தார். அன்று சுவரில் பார்த்த ஏழும் ஒரே எண்ணில் வந்து நின்றன. நேரில் போகாமலேயே, ஆர்டர் போடுவதற்கு முன்பே தெரிந்திருக்கக்கூடிய செய்தி இது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. முகவரி ஒன்றாக இருந்து எண் வேறு வேறாக இருந்தால் அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். பெரிய கட்டடம் ஒன்றை அறை அறையாகத் தடுத்து, ஒவ்வோர் அறையையும் ஒவ்வொரு ஓட்டல்காரருக்கு வாடகைக்கு விடும் இடங்கள் சென்னை போன்ற ஊர்களில் இருக்கின்றன. அங்கே ஒருவர் அடுப்பில் நடப்பதற்கு இன்னொருவர் பொறுப்பில்லை. நம் சகோதரர்கள் சிலரே அப்படி அறை எடுத்துச் சுத்தமாகத் தொழில் செய்கிறார்கள்.

இந்த எண் எதைச் சொல்லாது என்பதும் முக்கியம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணுக்கும் ஹலாலுக்கும் சம்பந்தமே இல்லை. கெட்டுப்போகாத, கலப்படமில்லாத உணவா என்பதுதான் அந்த ஆணையத்தின் கவலை. சைவம், அசைவம் என்று குறியிட வேண்டும் என்பதோடு அதன் கேள்வி முடிகிறது. அசைவத்துக்குள் கோழியும் பன்றியும் அதற்கு ஒன்றுதான். ஒரே சமையலறையில் இரண்டையும் சமைக்கத் தடை கிடையாது. ஹலால் சான்றிதழை நம் நாட்டில் கொடுப்பவை தனியார் அமைப்புகள்தான். ஜம்இய்யத் உலமாயே ஹிந்தின் ஹலால் டிரஸ்ட், சென்னையில் இயங்கும் ஹலால் இந்தியா போன்றவை அப்படிப்பட்டவை. உள்ளூரில் விற்கும் ஓட்டல் அவற்றிடம் போக வேண்டும் என்று சட்டக் கட்டாயம் இல்லை. ஆகவே மெனுவில் 'நூறு சதம் ஹலால்' என்று யாராவது எழுதியிருந்தால், அது பெரும்பாலும் கடைக்காரர் தானே எழுதிக்கொண்ட வாக்குறுதி. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

என்ன கேட்பது என்பதில்தான் நாம் பலமுறை தவறு செய்கிறோம். போன் போட்டு “உங்க கடை ஹலாலா?” என்று கேட்டால் எதிர்முனையில் இருக்கும் பையன் “ஆமா சார்” என்றுதான் சொல்வான். அவனுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரிந்திருக்கும் என்பதற்குக்கூட உத்தரவாதம் இல்லை. கேள்வியை மாற்றிக் கேளுங்கள். “கோழி எங்கிருந்து வருது?” இந்த ஒரு கேள்வி போதும், பாதி விஷயம் வெளியே வந்துவிடும். இந்தச் சமையலறைகள் பலவற்றில் முழுச் சமையல் நடப்பதில்லை. ஒரு மையச் சமையலறையில் மசாலா தடவி, சில நேரம் பாதி வேகவைத்து, பாக்கெட்டில் அடைத்து அனுப்புகிறார்கள். இங்கே சூடுபடுத்திச் சேர்த்து டப்பாவில் போடுவதுதான் வேலை. அதனால் நாம் அறிய வேண்டியது சமைப்பவரைப் பற்றி அல்ல, அந்தப் பாக்கெட்டை அனுப்பியவரைப் பற்றி. சப்ளையர் பெயர் என்ன, பாக்கெட்டில் ஹலால் முத்திரை இருக்கிறதா, சான்றிதழ் எந்தத் தேதிவரை செல்லும்? நேர்மையான மேலாளர் பாக்கெட்டைப் படம் எடுத்தே அனுப்பிவிடுவார்.

அடுத்து, “உங்க கிச்சன்ல பன்றிக்கறி அயிட்டம் எந்தப் பெயர்லயாவது போகுதா?” என்று கேட்க வேண்டும். 'எந்தப் பெயரிலாவது' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பிரியாணி பிராண்டில் இல்லை என்ற பதில் உண்மையாகவே இருக்கும், பக்கத்து பிராண்டில் இருக்கும். இருந்தால், எண்ணெய்ச் சட்டி, வெட்டும் பலகை, ஓவன் தட்டு தனியா என்று கேளுங்கள்.

அந்தச் சகோதரி வாங்கிய சமையலறையில் இதைத்தான் கேட்டோம். நம் தொண்டர்கள் இருவர் மரியாதையாகப் போய், வந்த காரணத்தைச் சொன்னார்கள். மேலாளர் ஒரு பிறமதச் சகோதரர், நல்ல மனிதர். ஃப்ரீசரைத் திறந்தே காட்டினார். கோழிப் பாக்கெட்டுகளில் ஹலால் முத்திரை இருந்தது, சான்றிதழும் நடப்பில் இருந்தது. பிரியாணியின் கோழி விஷயத்தில் சகோதரியின் மனப்பாரம் இறங்கியது. ஆனால் பலகையும் கத்தியும் தனியா என்று கேட்டதற்கு, “தனித்தனியாத்தான் வச்சிருக்கோம், சனி ஞாயிறு கூட்டத்துல அப்படி இப்படி ஆயிடும், பொய் சொல்ல மாட்டேன்” என்றார். எட்டு பிரியாணியின் கதை இப்படி முழு வெள்ளையாகவும் இல்லாமல் முழுக் கறுப்பாகவும் இல்லாமல்தான் முடிந்தது. ஹலாலுக்கும் ஹராமுக்கும் நடுவே உள்ள சந்தேகமானவற்றை விட்டு விலகுவதன் சிறப்பை ஜும்ஆ பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த நடுப்பகுதி எப்படி இருக்கும் என்று அன்று கண்ணால் பார்த்தோம். அங்கே இனி வாங்குவதில்லை என்று சகோதரி முடிவு செய்தார். நாங்களும் அதையே சொல்லியிருப்போம். (வராத இரண்டு பிரியாணிக்கான பணத்தை மேலாளர் கையிலேயே கொடுத்துவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

கறியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் சாஸ் தப்பித்துவிடும். பிள்ளைகள் விரும்பும் சைனீஸ், ஜப்பானிய வகைகளில் அரிசி ஒயின் சேர்ப்பது அந்தச் சமையலின் வழக்கம். இங்கே விலை கருதிப் பலர் சேர்ப்பதில்லை என்றாலும் கேட்பதில் தவறில்லை. இனிப்பு பிராண்டுகளில் ரம் ஊறவைத்த பழம், சில புடிங், மார்ஷ்மெல்லோ, சீஸ்கேக் வகைகளில் ஜெலட்டின். ஜெலட்டின் பன்றியிலிருந்தும் எடுக்கப்படுகிறது, மாட்டிலிருந்தும் எடுக்கப்படுகிறது. எது என்று டப்பாவில் எழுதியிராது. அகர் அகர் எனும் கடற்பாசியில் செய்தது என்றால் பிரச்சினை இல்லை; நோன்பு நேரத்தில் நம் வீடுகளில் செய்யும் கடற்பாசி அதுதான். பிறந்தநாள் கேக்கை இரவு 11 மணிக்கு ஆர்டர் போடும் வாலிபர்கள் இந்தப் பத்தியைக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

ஹலாலோடு தய்யிபும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. அனுமதிக்கப்பட்டது மட்டும் போதாது, தூய்மையானதாகவும் இருக்க வேண்டும். பார்சல் உணவில் இது நேரத்தோடும் சூட்டோடும் சம்பந்தப்பட்டது. சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் வெதுவெதுப்பில்தான் கிருமிகள் பெருகும். பிரியாணி டப்பா வண்டிப் பையில் அரை மணி, நம் வீட்டு மேசையில் தொழுதுவிட்டு வரும்வரை ஒரு மணி என்று இருந்தால் அந்த வெதுவெதுப்பில்தான் இருக்கிறது. சோற்றில் ஒரு தனி ஆபத்து உண்டு. அதில் வளரும் ஒருவகைக் கிருமி உண்டாக்கும் நஞ்சு திரும்பச் சூடுபடுத்தினாலும் அழியாது. இரவு மிஞ்சியதை வெளியே வைத்துவிட்டு ஸஹருக்குச் சூடாக்கிச் சாப்பிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மிஞ்சும் என்று தெரிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கிரில் சிக்கன், ஷவர்மாவோடு வரும் மயோனைஸ் இன்னொரு கவலை. பச்சை முட்டையில் செய்த மயோனைசுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது சும்மா அல்ல. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோனதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

உணவு கெட்டிருந்தால் டெலிவரி தம்பியிடம் கத்துவதில் எந்தப் பயனும் இல்லை. அவர் சமையலறைக்குள் நுழைந்ததே இல்லை, ஜன்னலில் பையை வாங்கி வந்தவர். டப்பாவையும் பில்லையும் படம் எடுத்து, தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கு அனுப்பலாம். பணம் திரும்பாத பிரச்சினை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அந்தத் தம்பிகளில் நம் மஹல்லாப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். கிக் தொழிலாளர்களுக்கென்று தமிழக அரசு நல வாரியம் அமைத்திருக்கிறது. அதில் இன்னும் பதிவு செய்யாத பிள்ளைகள் அலுவலகத்துக்கு வந்தால் விண்ணப்பிக்க உதவுவோம்.

விசாரிக்காமல் வாங்குவது ஒரு தவறு என்றால், விசாரிக்காமல் பரப்புவது அதைவிடப் பெரிய தவறு. சில மாதங்களுக்கு முன்பு நம் வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஓர் ஆடியோ சுற்றியது. குறிப்பிட்ட ஒரு கிளவுட் கிச்சனில் ஹராம் கறி போடுகிறார்கள், யாரும் வாங்காதீர்கள் என்று ஒருவர் ஆவேசமாகப் பேசியிருந்தார். உரிமையாளர் முஸ்லிம் அல்லாதவர் என்பதைத் தவிர அதில் வேறு ஆதாரம் இல்லை. இரண்டு வாரத்தில் அவருடைய ஆர்டர் பாதியாகக் குறைந்துவிட்டது. நம் தொண்டர்கள் போய்ப் பார்த்தபோது, கறி வந்துகொண்டிருந்தது நம் பள்ளிவாசல் தெருவிலேயே உள்ள பாய் கடையிலிருந்து! ஆண்டுக்கணக்கான கொடுக்கல் வாங்கல். ஆடியோவைக் கேட்டு நஷ்டப்பட்டவர்களில் அந்தக் கறிக்கடைக்காரரும் ஒருவர். செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளும்படி சூரா ஹுஜுராத் கட்டளையிடுவதை ஓதுகிறோம், போனைக் கையில் எடுத்தால் மறந்துவிடுகிறோம். அந்த உரிமையாளரிடம் ஜமாஅத் சார்பில் வருத்தம் தெரிவித்தோம். ஆடியோ பேசியவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெலிவரி நிறுவனம் கடைக்காரரிடமிருந்து ஒவ்வோர் ஆர்டருக்கும் கமிஷன் எடுக்கிறது. கடைக்குக் கடை அது மாறும், விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொடுப்பவர்கள் நிறைய. அதைச் சரிக்கட்ட ஆப்பில் விலையை ஏற்றி வைக்கிறார்கள். அதற்கு மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி., டப்பாவுக்குக் கட்டணம், டெலிவரிக்குக் கட்டணம். 2023-இல் ஆர்டருக்கு 2 ரூபாயாகத் தொடங்கிய பிளாட்பார்ம் கட்டணம் இப்போது பத்து ரூபாயைத் தாண்டிவிட்டது. பக்கத்துத் தெருவில் தெரிந்த கடை இருக்கும்போது, நடந்து போய் வாங்கினால் கடைக்காரருக்கும் லாபம், நமக்கும் லாபம், கறியைப் பற்றிய கேள்வியும் இல்லை. மழை நாளிலும் நோயாளி இருக்கும் வீட்டிலும் இது முடியாது என்பது புரிகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் மஹல்லாவில் நன்றாகச் சமைக்கத் தெரிந்த, வருமானம் இல்லாத சகோதரிகள் எத்தனை பேர்! கணவரை இழந்தவர்கள், வெளியே போய் வேலை பார்க்க முடியாதவர்கள். மேசையும் கல்லாவும் இல்லாமல் சமையலறை மட்டும் வைத்து உணவு விற்கும் முறை அவர்களுக்காகவே வந்ததுபோல் இருக்கிறது. வீட்டு அடுப்பும் அப்படிப் பார்த்தால் ஒரு கிளவுட் கிச்சன்தான். நெய்ச்சோறும் தாளிச்சாவும், ஞாயிற்றுக்கிழமை சீரகசம்பா பிரியாணி, நோன்பில் சமோசாவும் கட்லெட்டும் என்று ஆர்டர் எடுத்துச் செய்யலாம். தெரிந்தவர் சமைக்கிறார், தெரிந்த கடைக் கறி என்ற நிம்மதி வாங்குகிறவருக்கு. ஆனால் மற்றவர்களிடம் 14 இலக்க எண் கேட்கும் நாம் நம்மவர்களிடமும் அதைக் கேட்கத்தான் வேண்டும். வீட்டிலிருந்து விற்றாலும் பதிவு கட்டாயம். சிறு வியாபாரிக்கு அதன் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான், ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். இடைத்தரகர்கள் இதற்கு இரண்டாயிரம், மூவாயிரம் வாங்குவதாகக் கேள்விப்படுகிறோம், அவர்களிடம் ஏமாற வேண்டாம்.

தொடக்கத்திலேயே ஆப்பில் சேர்வது நல்லது என்று நாங்கள் நினைக்கவில்லை. கமிஷன் போக மிஞ்சுவது கேஸ் செலவுக்கே சரியாகிவிடும். அத்துடன் கூட்டமான நேரத்தில் தாமதித்தால் மதிப்பெண் இறங்கும், ஆர்டரை ரத்து செய்தால் பணம் பிடிப்பார்கள். முதலில் மஹல்லாவுக்குள் பத்துப் பதினைந்து வீடுகளுக்கு முன்பதிவில் செய்து கொடுத்துப் பழகுவது பாதுகாப்பானது. கை பழகி, கணக்கு பிடிபட்ட பிறகு ஆப்பைப் பற்றி யோசிக்கலாம். அளவாக எடுத்துச் செய்யுங்கள். முதல் வாரமே ஐம்பது பிரியாணிக்கு ஒப்புக்கொண்டு தவித்த ஒரு சகோதரியையும் பார்த்திருக்கிறோம்.

பதிவு செய்ய விரும்பும் சகோதரிகள் ஞாயிறு தோறும் அஸருக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். விண்ணப்பம் நிரப்பித் தர நம் கல்லூரி மாணவியர் இருப்பார்கள். ஆதார் அட்டை, ஒரு புகைப்படம், ஆதாரில் உள்ள முகவரியும் இப்போது குடியிருக்கும் முகவரியும் வேறாக இருந்தால் அதற்கான ஆவணம் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். ஓ.டி.பி. வரும் போனை மகன் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போன முறை மூன்று பேர் அதனாலேயே திரும்பிப் போனார்கள்.